வருஷத்துக்கு ரெண்டே மாசம்தான் கிரவுண்டு! லடாக் ஐஸ் ஹாக்கிப் பெண்கள் பதக்கம் ஜெயிச்ச கதை, கோவைக்கு ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில கோவை ரேஸ் கோர்ஸ் பக்கம் போனீங்கன்னா, வாக்கிங் போறவங்களுக்கு நடுவுல சர்ருனு ஒரு சத்தம் கேட்கும். ஹெல்மெட், முழங்கால் பேடு எல்லாம் மாட்டிக்கிட்டு ஸ்கேட்டிங் பிள்ளைங்க வரிசையா போவாங்க. போன மாசம் அப்படிப் போன ஒரு பொண்ணு, வளைவுல ஒரு காலைத் தூக்கித் திரும்பின விதத்தைப் பார்த்து நின்னுட்டேன். பன்னிரண்டு வயசு இருக்கும். ஓரமா தண்ணி பாட்டிலோட நின்ன அவங்க அம்மாகிட்ட, "செமயா பண்றாங்களே, தொடர்ந்து அனுப்புவீங்களா?"னு கேட்டேன்.

"ஒம்பதாவது வரைக்கும் போகட்டுங்க. அதுக்கு மேல எங்கீங்க? பத்தாவது வந்துட்டா படிப்பு இருக்குதில்லீங்களா. இதை வெச்சு என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

எனக்குப் பதில் தெரியலை. சிரிச்சு சமாளிச்சுட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி ரீல்ஸ் தள்ளிக்கிட்டிருந்தப்ப ஜெர்மனி பெண்கள் ஐஸ் ஹாக்கி கிளிப் ஒண்ணு வந்துச்சு. 2014 சோச்சிக்குப் பிறகு 12 வருஷம் கழிச்சு, 2026 பிப்ரவரியில நடந்த மிலன்-கார்டினா குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணி அது. அந்த வீராங்கனைங்க எப்படி அங்கே வந்தாங்கன்னு தேட ஆரம்பிச்சு, கடைசியில நான் போய் நின்னது லடாக்குல! நம்ம நாட்டுக்கும் ஒரு பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி இருக்கு. 2025 ஜூன்ல அவங்க வெண்கலப் பதக்கம் ஜெயிச்சிருக்காங்க. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அவங்ககிட்ட ஒரு பதில் இருக்குன்னு தோணுது. ஆனா, அது கொஞ்சம் கசப்பான பதில்.

முதல்ல, இது என்ன ஆட்டம்?

நம்ம ஹாக்கி மாதிரிதான், கையில மட்டை. ஆனா காலுக்குக் கீழே பனித்தரை, ஷூவுல பிளேடு. பந்துக்குப் பதிலா 'பக்'னு கறுப்பா, வட்டமா ஒரு ரப்பர் வில்லை. எடை சுமார் 160 கிராம், அதாவது ஒரு கிரிக்கெட் பந்து அளவு. அதைத்தான் முழு வேகத்துல கோல்கீப்பரைப் பார்த்து அடிப்பாங்க.

ஒரு நேரத்துல ஒரு அணிக்கு கோல்கீப்பரோட சேர்த்து ஆறு பேர். 20 நிமிஷம் வீதம் மூணு பகுதி. ஒரு வீராங்கனை களத்துல முக்கால் நிமிஷம்தான் இருப்பாங்க. அவ்வளவு வேகமா மூச்சு வாங்கும். உடனே அவங்க வெளியே வர, அடுத்தவங்க உள்ளே போவாங்க. ஆட்டம் நிக்காமலேயே இது நடந்துக்கிட்டே இருக்கும்.

பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்குக்கு வந்ததே 1998-ல, ஜப்பானின் நகானோவுலதான். ஆண்கள் ஐஸ் ஹாக்கி 1920-லயே வந்துடுச்சு. இந்த இடைவெளியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஊட்டியைவிட ஒன்றரை மடங்கு உயரத்துல

நமக்குக் குளிருன்னா ஊட்டி. டிசம்பர், ஜனவரியில புல்லு மேல உறைபனி படிஞ்சிருக்குன்னா, கோவையில இருந்து பைக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவோம். ஊட்டி சுமார் 7,350 அடி உயரம். லடாக்கின் லே நகரம் சுமார் 11,500 அடி. அங்கே ஜனவரி ராத்திரியில வெப்பநிலை மைனஸ் 15, மைனஸ் 20 வரைக்கும் இறங்கும்.

அந்தக் குளிர்தான் அவங்களுக்கு கிரவுண்டு கட்டித் தருது. குளங்கள் உறைஞ்சுபோகும். லே-யில கர்சூ குளம் இதுக்குப் பிரபலம். குளம் இல்லாத ஊர்ல, சமமான ஒரு இடத்தைச் சுத்தி வரப்புக் கட்டி, பொழுது சாய்ஞ்ச பிறகு தண்ணி விடுவாங்க. ஒரு படலம் உறைஞ்சதும் அது மேல இன்னொரு படலம். நம்ம ஊர்ல கரென்ட் வர்ற நேரம் பார்த்து ராத்திரி எழுந்துபோய் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுவாங்களே, அதே மாதிரி அங்கே ஆட்டக்காரங்க ராத்திரி எழுந்து கிரவுண்டுக்குத் தண்ணி பாய்ச்சுறாங்க. காலையில வெயில் ஏறினா ஐஸ் இளகும். அதனால விடியற்காலையும் சாயங்காலமும்தான் நல்ல நேரம்.

இந்த ஐஸ் எத்தனை நாள் இருக்கும்? டிசம்பர் கடைசியில ஆரம்பிச்சா, பிப்ரவரி நடுவுல முடிஞ்சிடும். கிட்டத்தட்ட ரெண்டே மாசம்.

பசங்க விளையாடி முடிச்ச பிறகு...

லடாக்குக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தது ராணுவம். 1970-கள்ல அங்கே பணியில இருந்த வீரர்கள் குளிர்காலப் பொழுதுபோக்கா ஆரம்பிச்சாங்க. உள்ளூர் இளைஞர்கள் அதைப் பார்த்து, ராணுவ பூட்ஸுக்கு அடியில இரும்புத் தகட்டைப் பொருத்தி ஸ்கேட் செஞ்சுக்கிட்டாங்க. 1989-ல இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்துல உறுப்பினர் ஆச்சு.

பொண்ணுங்க கதை வேற. ஐஸ் இருக்கிறதே ரெண்டு மாசம். அதுல நல்ல நேரம் காலையும் மாலையும். அதுல முதல் உரிமை யாருக்கு? பசங்களுக்கு. அவங்க முடிச்சு, ஐஸெல்லாம் கீறி நொறுங்கின பிறகு மிச்ச நேரம் பொண்ணுங்களுக்கு. பாதுகாப்புக் கவசம், ஸ்கேட் எல்லாம் வெளிநாட்டுல இருந்து நன்கொடையா வந்தது, அண்ணன் தம்பி போட்டது, அளவு சேராதது. கோல்கீப்பர் பேடுக்கு எந்த பிராண்டுன்னு யாரும் கேட்கலை. கிடைச்சாலே போதும்ங்கிற நிலைமை.

இந்த நிலைமையில டிஸ்கித் அங்மோ மாதிரியான ஆட்டக்காரங்க சேர்ந்து, லடாக் பெண்கள் ஐஸ் ஹாக்கி அறக்கட்டளையைத் தொடங்கினாங்க. அவங்க முதல்ல கேட்டது கோப்பை இல்லை, நேரம். ஐஸ்ல பொண்ணுங்களுக்குன்னு தனி நேரம், தனிப் பயிற்சி முகாம். அப்புறம் கிராமம் கிராமமாப் போய் சின்னப் பொண்ணுங்களுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுத்தாங்க.

2016-ல இந்தியப் பெண்கள் அணி முதல் முறையா ஒரு சர்வதேசப் போட்டிக்குப் போச்சு. தைபேயில நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பை. உறைஞ்ச குளத்துல பழகினவங்க, உள்ளரங்க ஐஸ்ல நின்னாங்க. நம்ம ஊர்ல மண் தரையில ஹாக்கி பழகின பிள்ளை, முதல் தடவை செயற்கைப் புல்தரையில நிக்கும்போது பந்து ஓடுற வேகத்தைப் பார்த்து முழிக்குமே, அதே நிலைமை. முடிவு, தோல்விகள்தான்.

அடுத்த பயணத்துக்குக் காசு இல்லை. சங்கம் பொதுமக்கள்கிட்ட ஆன்லைன்ல பணம் திரட்டிச்சு. 2017 மார்ச், பாங்காக். பிலிப்பைன்ஸை 4-3 கணக்குல ஜெயிச்சாங்க. இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கியின் முதல் சர்வதேச வெற்றி. இந்தப் போட்டிகள்ல ஜெயிச்ச நாட்டின் தேசிய கீதத்தை ஆட்டம் முடிஞ்சதும் ஒலிக்க விடுவாங்க. அந்த அரங்கத்துல அன்னைக்கு 'ஜன கண மன' கேட்டுச்சு.

2018-ல கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கே வந்து இவங்களோட விளையாடினாங்க. ஒலிம்பிக்ல நாலு தங்கம் ஜெயிச்சவங்க அவங்க. அதே வருஷம் கால்கரியில தான் நடத்துற பெண்கள் ஹாக்கித் திருவிழாவுக்கு இந்திய அணியை அழைச்சாங்க.

பகல்ல ஓவியம், குளிர்காலத்துல கோல்போஸ்ட்

இந்த அணியில எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை கோல்கீப்பர் நூர் ஜஹானோடது. லே பொண்ணு. இந்திய அணிக்குக் கோல்கீப்பர். ஆனா, அவங்க சோறு அதுல இல்லை. டெல்லியில பாரம்பரியக் கலைப்பொருள் பாதுகாப்பு படிச்சுட்டு, உறவினரான வஜீதா தபசும் கூடச் சேர்ந்து 'ஷெஸ்ரிக் லடாக்'னு ஒரு நிறுவனம் நடத்துறாங்க. மடாலயங்கள்ல இருக்கிற பழைய சுவரோவியங்கள், தங்கா துணி ஓவியங்களைச் சீர்படுத்துறதுதான் வேலை. நூற்றாண்டுகளாப் படிஞ்ச புகைக்கறையைத் துடைச்சு, உரிஞ்சு வர்ற வண்ணத்தைத் திரும்ப ஒட்டுற வேலை. ஒரு சாண் இடத்துக்கே நாள்கணக்குல உட்காரணும்.

அந்தக் கையே குளிர்காலத்துல கிளவுஸ் மாட்டிக்கிட்டு, பறந்து வர்ற பக்கைப் பிடிக்குது. படிக்க அழகாத்தான் இருக்கு. 'ஒரே ஆள், ரெண்டு திறமை'னு நாம ரீல்ஸ் போட்டுடுவோம். ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சா, நாட்டுக்காக விளையாடுற ஒருத்தவங்களுக்கு இன்னொரு முழு நேர வேலை கட்டாயம்ங்கிறதுதான் இதுக்கு அர்த்தம். அந்த விளையாட்டு சம்பளம் தர்றதில்லை.

அணியில பலருக்கு வேற வழி ஒண்ணு இருக்கு: சீருடை. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, அதாவது ஐ.டி.பி.பி., பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி வெச்சிருக்கு. தேசியப் போட்டிகள்ல பலமான அணி. படையில வேலை, மாசச் சம்பளம், கூடவே பயிற்சி. கபடிக்கும் வாலிபாலுக்கும் நம்ம ஊர்ல ரயில்வே, போலீஸ் வேலைங்கிற மாதிரி.

ஜெர்மனியில மட்டும் சொர்க்கமா?

இல்லைங்க. அங்கேயும் கதை ஒண்ணுதான், அளவுதான் வேற.

ஆண்கள்ல ஜெர்மனியின் பெரிய நட்சத்திரம் லியோன் டிரைசைட்டில். வட அமெரிக்க லீக்குல எட்டு வருஷத்துக்கு 11.2 கோடி டாலர் ஒப்பந்தம். சராசரியா வருஷத்துக்கு 1.4 கோடி டாலர். பெண்களுக்கு அங்கே முழு நேர லீக் வந்ததே 2024 ஜனவரியில. முதல் சீசன்ல குறைந்தபட்ச சம்பளம் 35,000 டாலர், அணியின் சராசரி 55,000 டாலர். ஜெர்மன் கோல்கீப்பர் சாண்ட்ரா ஆப்ஷ்ட்ரைட்டர் அமெரிக்காவுல கல்லூரி அணிக்கு விளையாடி, 2023-ல இந்த லீக்குக்கு ஒட்டாவா அணியால தேர்வானாங்க.

எல்லாருக்கும் அந்த இடம் கிடைக்காதில்லையா? ஜெர்மனிக்குள்ளேயே நடக்கிற பெண்கள் லீக்குல பெரும்பாலானவங்க படிச்சுக்கிட்டோ, வேலை பார்த்துக்கிட்டோதான் ஆடுறாங்க. சிலருக்கு ஜெர்மன் ராணுவத்தின் விளையாட்டுப் பிரிவுல வேலை. அங்கே ராணுவம், இங்கே எல்லைப் படை. பணக்கார நாடோ, நம்ம நாடோ, சின்ன விளையாட்டுல இருக்கிற பெண்ணுக்குச் சோறு போடுறது பெரும்பாலும் ஒரு சீருடைதான்.

அப்போ வித்தியாசம் எங்கே? தரையில.

ஜெர்மனியில ஊருக்கு ஊர் உள்ளரங்க ரிங்க் இருக்கு. தொழில்நுட்பம் ஒண்ணும் மந்திரம் இல்லை. பம்ப்செட்டும் மோட்டாரும் செய்யற கோயம்புத்தூர்க்காரங்களுக்கு ஒரே நிமிஷத்துல புரியும். கான்கிரீட் தரைக்குள்ள குழாய் வரிசை. அதுல உறையாத குளிர் திரவத்தை பம்ப் சுத்தி விடும். கம்ப்ரஸர் அதைக் குளிர வைக்கும். மேல தண்ணியைப் படலம் படலமாத் தெளிச்சா ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலா ஐஸ் நிக்கும். வெளியே வெயில் அடிச்சாலும் உள்ளே ஆடலாம்.

ஒரு சின்னக் கணக்கு

போன்ல கால்குலேட்டரை எடுங்க. ஒரு பொண்ணு 12 வயசுல ஆரம்பிச்சு, 28 வயசுல ஓய்வு பெறுறாங்கன்னு வைங்க. மொத்தம் 16 சீசன்.

லே-யில வருஷத்துக்கு 2 மாசம்: 16 × 2 = 32 மாசம். மூணு வருஷம்கூட இல்லை.

வருஷத்துக்கு 10 மாசம் ரிங்க் திறந்திருக்கிற ஊர்ல: 16 × 10 = 160 மாசம். பதிமூணு வருஷத்துக்கு மேல.

ரெண்டு பேர் வயசும் 28. ரெண்டு பேர் ஆசையும் ஒண்ணு. ஆனா ஒருத்தர் காலுக்குக் கீழே அஞ்சு மடங்கு தரை இருந்திருக்கு. போட்டியில ஸ்கோர்போர்டு இதைக் காட்டாது. '7-0 தோல்வி'னு ஒரு வரி வந்தா, 'நம்மாளுங்களுக்குத் திறமை பத்தாது'னு கமென்ட் போட்டுட்டு நாம அடுத்த ரீலுக்குப் போயிடுவோம்.

அந்த 32 மாசமும் இப்போ உறுதி இல்லை. குளிர்காலம் வெப்பமாகிக்கிட்டு வருது, ஐஸ் தாமதமாப் பிடிக்குது, சீக்கிரமா இளகுது. 2025-ல கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டோட குல்மார்க் பகுதியையே, பிப்ரவரியில போதுமான பனி இல்லாம மார்ச்சுக்குத் தள்ளி வெச்சாங்க. ஸ்கீயிங்குக்கு நேர்ந்தது ஐஸுக்கு நேராதுன்னு யாரும் சொல்ல முடியாது.

செயற்கை ரிங்க் நம்ம நாட்டுலயும் இருக்கு. டேராடூன்ல 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டினாங்க. போட்டி முடிஞ்சது, பூட்டினாங்க. பல வருஷம் அப்படியே கிடந்து 2025-லதான் மறுபடி திறந்தது. லடாக் பொண்ணுங்க குளத்துல ஐஸ் பிடிக்குமான்னு வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்த அத்தனை வருஷமும், ஒரு முழு அளவு ரிங்க் இங்கே பூட்டுப் போட்டுக் கிடந்துச்சு. இந்த அணி பல தடவை பயிற்சிக்குப் போனது, குருகிராம் மால் ஒண்ணுல இருந்த சின்ன ஐஸ் ரிங்குக்கு!

இத்தனைக்கும் நடுவுலதான் 2025 மே கடைசியில ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரத்துல பெண்கள் ஆசியக் கோப்பை ஆரம்பமாச்சு. பாலைவனத்துல ஐஸ் ரிங்க்! செவாங் சுஸ்கித் தலைமையில இந்தியா வெண்கலம் ஜெயிச்சது. இந்தியப் பெண்கள் அணிக்குக் கிடைச்ச முதல் சர்வதேசப் பதக்கம்.

காசும் இப்போ கொஞ்சம் வர ஆரம்பிச்சிருக்கு. அதுல ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் இருக்கு. சென்னையைத் தலைமையிடமாக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம், லடாக்குல ஐஸ் ஹாக்கி வளர்ச்சித் திட்டத்துக்கு ஆதரவு கொடுக்குது. 2024-ல ஆண்களுக்கும் பெண்களுக்கும் லீக் ஆரம்பிச்சாங்க. 2042 குளிர்கால ஒலிம்பிக்தான் இலக்குன்னு சொல்றாங்க. இன்னும் 16 வருஷம் இருக்கு. நாம போட்ட கணக்குல சரியா ஒரு வீராங்கனையோட முழு கரியர்.

நம்ம ஊருக்கு இதுல என்ன?

'கோயம்புத்தூர்ல ஐஸ் ரிங்க் கட்டணுமா?'னு கேட்காதீங்க. அது இல்லை விஷயம்.

கோவையில பிறந்த வித்யா ராம்ராஜை எடுத்துக்கோங்க. ஆட்டோ ஓட்டுற அப்பா. இரட்டைச் சகோதரி நித்யாவும் ஓட்டக்காரர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்துல ஓடின நேரம் 55.42 விநாடி. அந்த தேசிய சாதனையை 39 வருஷமா யாரும் தொடலை. 2023-ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுத் தகுதிச் சுற்றுல, அதே 55.42-ல வித்யா ஓடி முடிச்சாங்க. இறுதிச் சுற்றுல வெண்கலம். 2024-ல பாரிஸ் ஒலிம்பிக் ரிலே. வித்யாவோட காலுக்குக் கீழேயும் யாரோ ஒரு கட்டத்துல சரியான டிராக், ஹாஸ்டல், கோச், சாப்பாடுன்னு ஒரு 'தரை' போட்டுக் கொடுத்ததாலதான் அந்த 55.42 வெளியே தெரிஞ்சது. அப்படித் தரை கிடைக்காததால வெளியே தெரியாமலே போன 55.42 எத்தனை இருக்கும்?

நம்ம பொண்ணுங்க எந்த வயசுல விளையாட்டை நிறுத்துறாங்கன்னு உங்க வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுப் பாருங்க. ஏழாவதுல ரிலே ஓடினவங்க, எட்டாவதுல கோ-கோ கேப்டனா இருந்தவங்க, பத்தாவது வந்ததும் காணாமப் போயிருப்பாங்க. திறமை போனதால இல்லை. சாயங்காலம் கிரவுண்டு பசங்க கையில. டியூஷன் ஆறு மணிக்கு. கிரவுண்டுல உடை மாத்த இடம் இல்லை, டாய்லெட் இல்லை. இருட்டினா பஸ் ஸ்டாப் வரைக்கும் யாரு கூட வர்றது? லே-யில வருஷத்துக்கு ரெண்டு மாசத்தைப் பூமியோட குளிர் முடிவு பண்ணுது. பத்து மாசமும் நல்ல வெயில் அடிக்கிற கோவையில, பொண்ணுங்களோட சீசனை முடிவு பண்றது நாமதான்.

லடாக் பொண்ணுங்க முதல்ல கேட்டது மெடல் இல்லை, காசுகூட இல்லை. 'எங்களுக்குன்னு ஒரு நேரம்.' அதைக் கேட்க ஒரு ரூபாய் செலவில்லை. உங்க ஏரியா கார்ப்பரேஷன் கிரவுண்டுல, ஸ்கூல் மைதானத்துல, வாரத்துக்கு மூணு சாயங்காலம் 'பொண்ணுங்க மட்டும்'னு ஒரு போர்டு. லைட் ஒண்ணு. பூட்டு போடாத டாய்லெட் ஒண்ணு. இதைக் கேட்கிறதுக்குப் பதக்கம் வாங்கினவங்களா இருக்கணும்னு அவசியம் இல்லை.

போன ஞாயிறு மறுபடி ரேஸ் கோர்ஸ் போனேன். அந்தப் பொண்ணு இருந்தா. அம்மாகிட்ட நூர் ஜஹான் கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்ப அந்தப் புள்ளைக்கும் வேலை வேறதானுங்களே?"ன்னாங்க. ஆமான்னேன்.

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாங்க. "படிச்சுக்கிட்டேவும் ஆடலாம்போல இருக்குதுங்க"ன்னாங்க.

வளைவுல இருந்து அந்தச் சத்தம் மறுபடி வந்துச்சு. சர்ர்ர்...